காரின் கடைசி வாக்குமூலம்

பழைய காரைக் காயலான் கடைக்கு விற்பவர்கள், அது வாழ்நாளில் நின்ற இடங்களையெல்லாம் அதன் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மறைத்த விபத்து ஏதாவது பின்னால் தெரிந்தால் விற்றவரே பொறுப்பு.

"கேட்டதா எழுதிக்குங்க மேடம். எங்கேயும் இடிச்சதே இல்ல. கோயிலுக்குப் போய்வந்த வண்டி" என்று நவநீதன் அதிகாரியிடம் கெஞ்சினான்.

"சட்டம் சார். வண்டி உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ரெண்டு பேரும் கேக்கணும்."

கார் கணீரென்று ஆரம்பித்தது. "முதல் வருடம். புரட்டாசி மூன்றாம் சனி. மதியம் ஒரு மணி. பிரியாணிக் கடை வாசல். நாற்பது நிமிடம். ஓட்டியவர் நவநீதன்."

மனைவி பிரதீபா அவன் பக்கம் திரும்பினாள். "பெருமாள் கோயில்ல செம கூட்டம்னு சொன்னியே, இந்தக் கூட்டம்தானா? விரதத்துல பிரியாணியா! நான் அந்த மாசம் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடல!"

"அதே நாள். மதியம் மூன்று மணி. அதே கடை. பத்து நிமிடம். ஓட்டியவர் பிரதீபா."

பிரதீபா சட்டென்று பேனாவை எடுத்தாள். "மேடம், எங்கே கையெழுத்துப் போடணும்?"

நவநீதன் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தான்.

"என்ன அவசரம் பிரதீபா? இன்னும் பதினோரு புரட்டாசி பாக்கி இருக்கு."