கணக்கில் வராத ஆள்

"மேடம், கடையில ஆள் இருக்குன்னே கணக்குல காட்டலைன்னா?"

மடிக்கணினியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆலோசகி நிமிர்ந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் போயாகிவிட்டது. வருகிற ஒண்ணாம் தேதி முதல் குறைந்தபட்சச் சம்பளம் உயர்கிறது. அதற்குச் சிறு முதலாளிகள் இப்போதே என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்று காலையிலிருந்து தொண்டை வறளப் பேசியிருந்தாள். கடைசி வரிசையில் இந்த ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பேக்கரிக்காரர். கூட்டம் முழுக்க வாயே திறக்கவில்லை. இப்போது திறக்கிறார்.

"காட்டலைன்னா அவர் யாரு சார்? ஆவியா?"

"கிட்டத்தட்ட. விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாவு பிசையறான். அடுப்பைப் பாத்துக்கறான். வேன் ஓட்டறான். கல்லாவுல மட்டும் உட்கார மாட்டான்."

"மாட்டாரா, விட மாட்டீங்களா?"

"விடறதில்ல."

"ஒளிவு மறைவே இல்ல உங்ககிட்ட. சரி, சம்பளம் எவ்வளவு?"

"மாசமாசம்னு ஒண்ணும் கிடையாது. கேட்டா கைச்செலவுக்குக் கொஞ்சம். அதுவும் கேக்கற விதத்தைப் பொறுத்து."

ஆலோசகி வயரைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள். ஆனால் கேட்டதும் கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்கிற கஞ்சனை இப்போதுதான் பார்க்கிறாள். இவரைத் திருத்தாமல் அனுப்பினால், அடுப்பு முன்னால் நிற்கிற அந்த மனுஷனுக்கு அடுத்த மாதமும் வெறுங்கைதான்.

"ஒண்ணாம் தேதியிலேருந்து அவருக்கு முழுச் சம்பளம் போட்டாகணும்."

"மூணு வேளை சாப்பாடு கிடைக்குதே அவனுக்கு."

"நல்லது. சாப்பாட்டுக்குன்னு சம்பளத்துல கை வைக்கக் கூடாது."

"மாடியில ரூம் குடுத்திருக்கு. ஃபேன்கூட இருக்கு."

"ஃபேன் சுத்துதா?"

"ஒண்ணுல வெச்சா சுத்தும். ரெண்டுல வெச்சா கீழேருந்து சத்தம் வரும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ரூமுக்கும் கழிக்கக் கூடாது."

"கூடாதுன்னா, கூடவே கூடாதா?"

"கூடவே கூடாது."

அவர் முகம் மலர்ந்தது. என்ன ஜென்மம் இது என்று நினைத்துக்கொண்டாள். 'கூடாது' என்று சொன்னால் மற்ற முதலாளிகளுக்கு முகம் சுருங்கும். இவருக்கு விரிகிறது.

"சரி மேடம், அவன் சொந்தக்காரன். அப்ப?"

"சட்டத்துக்கு மாமன் மச்சான் கிடையாது சார். வேலை செஞ்சா சம்பளம்."

"ஆகா!" மேசையை மெல்லத் தட்டினார். "ஆனா, பின்னாடி கடையே உனக்குத்தானேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கு."

"வாக்கைக் காட்டினா மளிகைக் கடைக்காரன் ஒரு சோப்பு தருவானா?"

"தர மாட்டான்" என்றார், அனுபவப்பட்டவர் மாதிரி. "அப்ப, வேலை நேரத்தைப் பாதியாக் குறைச்சு எழுதிட்டா?"

"ஆய்வாளர் ஒரு நாள் விடியக்காலையில வந்து நின்னா போதும், குட்டு உடைஞ்சிடும். அபராதம் கட்டணும். அதோட பழைய பாக்கியும் வட்டியோட குடுக்கணும்."

"பழைய பாக்கியுமா!" அவர் எழுந்தே விட்டார். "எத்தனை வருஷத்துக்கு?"

"மூணு."

"மூணுதானா?" காற்றுப் போன பலூன்போல உட்கார்ந்தார். "கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாதா?"

ஆலோசகியின் பொறுமை போய்விட்டது.

"கிண்டலா சார்? அங்க ஒரு மனுஷன் அடுப்புல வெந்துக்கிட்டிருக்கான். இங்க உங்களுக்குச் சிரிப்பு. அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா. அவளுக்கு ஒரு செருப்பு வாங்கணும்னாக்கூட அவன் போய் ஒருத்தர் முன்னாடி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும். அதை ஒரு நாளாவது யோசிச்சுப் பாத்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"தினமும் யோசிக்கறேன் மேடம்."

அந்தக் குரலில் பொய் இல்லை. கல்லுக்குள்ளும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான். அவளும் அடித்தாள்.

"யோசிச்சது போதும். ஒண்ணாம் தேதியிலேருந்து போட்டுடுவீங்களா, மாட்டீங்களா?"

"போட்டுடலாம். அதுக்கு நீங்க ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க."

"இப்ப சொன்னீங்களே, சாப்பாடு, ரூமு, சொந்தம், வாக்கு, பழைய பாக்கி, அத்தனையையும் இன்னொரு தடவை சொல்லணும். இதே கோபத்தோட."

"உங்களுக்கே இவ்வளவு நேரம் சொல்லியாச்சு. இன்னும் யாருக்குச் சொல்லணும்?"

"முதலாளியம்மாவுக்கு. கீழே வேன்ல உட்கார்ந்திருக்காங்க. முட்டிவலி, படி ஏற முடியல. அதான் இந்தக் கேள்வியெல்லாம் சொல்லிக் குடுத்து, இதுல எதுலயாவது தப்பிக்க வழி இருக்கான்னு கேட்டுட்டு வான்னு என்னை அனுப்பினாங்க."

"அப்ப நீங்க?"

அவர் எழுந்துபோய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளே நான்தான் மேடம். அவங்க என் மாமியார்."