கார் முழுக்க ஸ்பீக்கர்

"வெளியவா, உள்ளயா?"

டிக்கிக்குள் தலையை விட்டபடி கேட்டான்.

அவள் முன்கதவருகே குந்தியிருந்தாள். கதவின் உள்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். அந்தப் பக்கம் அவன் பென்சில் பேட்டரியை ஒயரில் தொட, இந்தப் பக்கம் ஸ்பீக்கரின் கறுப்புத் தாள் தவளைத் தொண்டை போல ஒரு துள்ளு துள்ளியது.

"வெளிய."

எது பிளஸ், எது மைனஸ் என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். கணவன் என்ற முறையில் அவளைக் கூப்பிட்டிருந்தான்.

"அடுத்தது?"

"உள்ள."

ஒயரை மாற்றித் தொட்டான்.

"இப்ப வெளிய."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளிடமிருந்து அவனுக்கு இந்த இரண்டு சொற்கள் போதுமானவையாக இருந்தன.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது.

விடிந்தால் பத்திர ஆபீஸ். அவளுடைய அம்மா குடியிருக்கிற வீடு. அப்பா இவள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. அதை விற்றுத் தன் தம்பிக்குத் தறி போட்டுக் கொடுப்பதென்று அவன் முடிவு செய்துவிட்டான். வாங்குகிறவரைப் பேசியாயிற்று. சாட்சிக்கு ஆள் சொல்லியாயிற்று. அம்மாவை எங்கே வைப்பது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். அவள் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

அங்கே போய், அத்தனை ஆண்களுக்கு நடுவில், பேனாவைக் கையில் திணித்த பிறகு சொல்லத் தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவான். காரில் எழுந்து போக முடியாது. அதனால் பாட்டைக் கூட்டுவான்.

பழைய ஸ்பீக்கர் இரண்டுதான். எவ்வளவு கூட்டினாலும் அவள் குரல் எப்படியோ ஓரத்தில் கேட்டுத் தொலைத்தது.

இப்போது ஆறு போடுகிறான்.

அவன் போன் அடித்தது. கையெல்லாம் ஒயர். அவள்தான் எடுத்தாள். ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கடைக்காரர்.

"அக்கா, அண்ணங்கிட்டச் சொல்லீருங்க. ஒரு பக்கத்து மூணு ஸ்பீக்கரையும் ஒண்ணாக் கோத்துக் குடுத்துற வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் தாங்காதுங்க்கா. சன்னமா வெச்சாப் பாடும். சத்தம் ஏத்துனா பொட்டுனு நின்னுக்கும்."

போனை வைத்தாள்.

"ஏனுங்க, கடைக்காரரு…"

"லைட்டப் புடி."

"இல்லீங்க, மூணையும் ஒண்ணாக் கோத்தா…"

"உன்னக் கேட்டனா? வீடியோ பாத்துட்டுத்தான் பண்றேன். கம்முனு லைட்டப் புடி."

பிடித்தாள்.

பல்லால் உரித்த ஒயர்களை மூன்று மூன்றாகச் சேர்த்து முறுக்கினான். கறுப்பு டேப்பைச் சுற்றினான். எச்சிலைத் துப்பினான்.

பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. சன்னமாகப் போட்டுப் பார்த்தான்.

பாடியது.

"பாத்தியா? வந்துட்டான் கடைக்காரன். அதக் கேட்டுட்டு வந்து சொல்ல நீ ஒரு ஆளு."

அவள் விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை காலை பட்டுச்சேலை கட்டச் சொன்னான். கட்டினாள். முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

ரயில்வே கேட் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க."

பாட்டைப் போட்டான்.

"உங்களத்தானுங்க."

கூட்டினான். அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

பேருந்து நிலையம் வந்தது. பெரிய மாரியம்மன் கோயில் போனது. அவள் கழுத்தைத் திருப்பி அவன் காதுப்பக்கம் சொன்னாள். உதடு அசைவது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். கதவுகள் அதிர்ந்தன. மடியில் இருந்த மஞ்சள் பை நடுங்கியது.

பத்திர ஆபீஸ் தெரு.

நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டான். ஊர் கேட்கட்டும்.

வாசலில் தம்பி நின்றிருந்தான். வாங்குகிறவர், அவருடைய மகன், இரண்டு சாட்சிகள். மரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர்கள் வரிசையாக. எல்லாரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அவள் கத்தினாள்.

அவன் கூட்டினான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் இப்படிக் கத்தியதில்லை. அடிவயிற்றிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, நரம்பு புடைக்கக் கத்தினாள். அவன் கடைசிவரை கூட்டினான்.

பொட்டென்று பாட்டு நின்றது.

"…கையெழுத்துப் போட மாட்டேன்!"

தெரு முழுக்கக் கேட்டது.

தட்டச்சு ஒலி ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரு சாட்சி வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தம்பியின் கட்டைவிரல் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

அவன் பொத்தான்களை அழுத்திப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பெட்டியின் திரையில் பாட்டின் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வாங்குகிறவர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு காரருகே வந்தார். குனிந்தார். பார்த்தது அவனை அல்ல.

"என்னம்மா சொன்ன?"

அவன் பல்லைக் கடித்தான். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஏம் புள்ள கத்தற? மெதுவாச் சொல்லு."

அவள் மெதுவாகவே சொன்னாள்.