நாலு மணி வயரிங் கிளாஸ்

"எரியுது சாரே" என்றான் வேளாங்கண்ணி.

எதுவும் எரியவில்லை. மெயின் சுவிட்சிலிருந்து சுவர் ஓரமாக நடந்துவந்து பல்புக்கு நேர் கீழே அவன் நின்றிருந்தான், அவ்வளவுதான். வயரிங் கிளாஸில் அவன்தான் கரண்ட்.

வேறு வழியில்லை. ஆண்டு 1953. திற்பரப்புக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊருக்கு இன்னும் மின்சாரம் வந்துசேரவில்லை. ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் தினமும் நாலு மணிக்கு, பாடமெல்லாம் முடிந்தபிறகு, ஜான்ரோஸ் சார் பதினொரு பிள்ளைகளுக்கு வயரிங் சொல்லிக்கொடுத்தார். மரச்சட்டம் அடித்து, கம்பி இழுத்து, சுவிட்ச் மாட்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிள்ளைகளில் செல்லபாய் சுவிட்சைப் போடுவாள், வேளாங்கண்ணி நடப்பான். எங்காவது தப்பாக இணைத்திருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடுவான்.

இரண்டு வருஷமாக இந்தக் கூத்து. டீக்கடையில் ஜான்ரோஸ் சாரைப் பார்த்தால், "சாரே, இன்னைக்கு கரண்டுக்குக் காய்ச்சலா? பள்ளிக்கூடத்துக்கு வரல்லியே" என்று கேட்பார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஊருக்குக் கம்பி வரும், வரும் நாளில் வயர்மேன் வேண்டியிருக்கும், அந்த வேலை தன் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கவேண்டும். மனுஷர் இதை மனதார நம்பினார்.

தலைமையாசிரியர் நாராயணபெருமாள் நம்பவில்லை.

"ஓய் ஜான்ரோஸ், இந்த வாரம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வாறாரு. பய நடக்கதைக் காட்டினா என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிருவாரு. பல்பு எரியணும். இல்லேண்ணா திங்கக்கிழமை முதல் கிளாஸ் கிடையாது, கேட்டீரா?"

"கம்பி வாறது வரை பொறுக்கப்பிடாதா சாரே?"

"அதுக்குள்ள பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திரும்."

ஜான்ரோஸ் சார் குழித்துறைக்குப் போய், ஒரு லாரி ஷெட்டில் பழைய பேட்டரியும் ஹெட்லைட் பல்பும் இரவல் வாங்கிவந்தார். பேட்டரி அலமாரிக்குள் போனது. லாரி பல்பு என்று தெரியாமல் இருக்க செல்லபாய் அதன்மேல் ஒரு வெள்ளைக் கண்ணாடிக் கூண்டை மாட்டினாள். பத்து நிமிஷம் தாங்கும், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று ஷெட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு ஜீப் வந்தது. ஜீப்பில் வருகிறவரை நிற்கவைத்து, யார், எவர் என்று விசாரிக்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. தலைமையாசிரியர் இளநீர் வெட்டிக் கொடுத்து, நேராக வகுப்புக்கு அழைத்துவந்தார்.

செல்லபாய் சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. வேளாங்கண்ணி பழக்கதோஷத்தில் இரண்டடி நடந்துவிட்டான். சார் முறைத்ததும் நின்றான்.

வந்தவர் பல்பை அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நீட்டிய நோட்டுகளையும் வாங்கவில்லை.

"இங்க கரண்ட் உண்டா?" என்றார் ஆச்சரியமாக.

"பின்னே?" என்றார் தலைமையாசிரியர்.

"வழியில ஒரு போஸ்ட்டைக்கூட காணல்லியே."

ஜான்ரோஸ் சார் அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். பத்து நிமிஷத்தில் மூன்று போய்விட்டது.

"அது பொறத்தால ரப்பர் தோட்டம் வழியா வருது சார்" என்றாள் செல்லபாய், இமைக்காமல்.

"அப்படியா? வீடுகளுக்கும் உண்டா?"

தலைமையாசிரியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இல்லாத வீடு எது சார்? நம்ம பிள்ளைகதான் எல்லா வீட்டுக்கும் வயரிங் பண்ணிக் குடுத்தது."

வந்தவர் வீடுகள் எத்தனை என்று கேட்டார். கடைகள் எத்தனை, நெல்லு குத்துகிற மில் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டார். பல்பு மஞ்சளடிக்கத் தொடங்கியது.

"வெளிச்சம் குறையுதே."

"மானம் கறுத்து மழைக்கோள் இருந்தா இப்படித்தான் சார்" என்றார் ஜான்ரோஸ், வேர்வையைத் துடைத்தபடி.

"எங்க ஆபீஸிலயும் இதே கதைதான்" என்று வந்தவர் அனுதாபப்பட்டார். பல்பு அணைவதற்குள் அவரை வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்.

தலைமையாசிரியர் ஜான்ரோஸ் சாரின் கையைப் பிடித்து அழுத்தினார். "பிழைச்சீரு ஓய். கிளாஸ் இனி ஒரு பயலாலயும் மூட முடியாது."

ஜான்ரோஸ் சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஜீப் பக்கத்தில் ஓடிப்போய்க் கைகூப்பினார்.

"சார், கிளாஸைப் பத்தி நல்லபடியா ரெண்டு வரி எழுதணும்."

"எந்தக் கிளாஸ்?" என்றார் வந்தவர், ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு. "நான் தாலுக்கா ஆபீஸ். இந்த வருஷம் கம்பி இழுக்கப் போற ஊருகளுக்க லிஸ்ட்டைச் சரிபாக்க வந்தேன். உங்க ஊர்ப் பேரை வெட்டிட்டேன்."