கடைசித் தையல்

மலை முகாமில் டாக்டர் ஒண்டிக்கட்டை. கையில் வெட்டுக்காயத்தோடு வாரம் ஒருமுறை வரும் எதிர்மலை டவர் காவலாளிதான் அவருக்குப் பேச்சுத்துணை. அதனால் வாரத்துக்கு ஒரு தையல்தான் பிரிப்பார்.

“ஒரேயடியா பிரிச்சா காயம் வாய் பிளந்துடும்” என்று காரணமும் சொல்வார்.

இன்று கடைசித் தையல். உள்ளே போய்த் தேநீர் போட்டு வந்து, மனமில்லாமல் அறுவை சிகிச்சைப் பெட்டியைத் திறந்தார். இருந்த ஒரே கத்தரியைக் காணோம். காவலாளியும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார்.

“கிடைக்கலையே டாக்டர்.”

“சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

“அப்ப வரேன்” என்று எழுந்தவர் முகத்தில் வருத்தமே இல்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பிய டாக்டர் சொன்னார்: “இறக்கத்துல பாத்துப் போங்க. சட்டைப்பையில இருக்கிற கத்தரி குத்திடப் போகுது.”