வைஸின் வாயில் கிட்டார்

இரும்புக் கடை மேசையில் பொருத்திய, பொருளைக் கவ்விப் பிடிக்கும் மூன்று வைஸ்களும் வாயைத் திறந்தபடி நிற்கின்றன. வைஸ் வாங்க வந்த கிட்டார் பழுதுபார்ப்பவள் ஒவ்வொன்றிலும் தன் சுண்டுவிரலை வைத்துப் பிடியைத் திருகுகிறாள். “விரல் நசுங்கிடும்மா!” என்று கடைக்காரர் பதறுகிறார். “நல்லா பிடிக்கணும்ண்ணே, ஆனா வலிக்கக் கூடாது.” வாயின் உட்புறம் தக்கை ஒட்டிய மூன்றாவது வைஸில் விரல் சிவக்கவில்லை. உடனே கூட வந்த கணவனின் தோளில் தொங்கும் உறையைத் திறந்து, அவன் கிட்டாரின் கழுத்தை அந்த வைஸில் கொடுத்து முடுக்குகிறாள். “சோதிச்சுப் பாக்க என் கிட்டார்தானா கெடைச்சுது?” அவன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். அவள் கையை எடுக்கிறாள். வாசல் வெயில் தந்திகளில் மின்ன, கிட்டார் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது. தடித்த தந்தியை ஒருமுறை மீட்டுகிறாள். ஒலி வைஸுக்குள் இறங்கி மேசையெங்கும் பரவ, தகரத் தட்டில் ஆணிகள் கிணுகிணுக்கின்றன. பில் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரர் மேசையில் காதை வைக்கிறார். “இன்னொரு தடவை அடிம்மா.”