உறுத்தும் நிறம்

"ஏட்டி, வீடு இருக்கிற இருப்புல உனக்கு ரோஸ் கலரு கேக்குதோ?"

ஆரோக்கியசெல்வி இதே வார்த்தைகளில்தான் கேட்டாளா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யோசிக்க யோசிக்க அது மாறிக்கொண்டே வருகிறது. இதைவிடக் கடுமையாகவும் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நிறம் ரோஸ்தான். அதில் சந்தேகம் இல்லை.

மகள் டயானா லேப்டாப்பில் வேலை செய்கிற டெர்மினல் ஜன்னல், கட்டளைகளைத் தட்டுவதற்காக எப்போதும் திறந்திருக்கும் அந்தப் பெட்டி, பஞ்சுமிட்டாய் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அதன்மேல் கிளிப்பச்சையில் எழுத்துகள்.

அவளுடைய அண்ணன் லாரன்ஸ் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் சரக்குக் கப்பல், சிமெண்டு மூட்டைகளோடு நிக்கோபார் பக்கம் போன இடத்தில் புயலில் மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கப்பலிலிருந்து ஒரு தகவலும் இல்லை. லாரன்ஸின் போனும் அடிக்கவில்லை. அப்பா வியாகுலம் விசாரிப்பதற்காகக் கப்பல் துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போயிருந்தார்.

"கோயிலுக்கு வான்னா வரமாட்டேங்கே. செபமாலை சொல்லுன்னா வாய் திறக்க மாட்டேங்கே. முந்தாநாள் ஊதா, நேத்து மஞ்சள், இன்னிக்கு இது. கூடப்பொறந்தவன் கடல்ல கிடக்கான், நீ கம்ப்யூட்டருக்குச் சேலை மாத்திக்கிட்டு இருக்கே."

"ம்மா, இது கண்ணுக்கு உறுத்துதா?"

"உறுத்துது."

"நல்லா உறுத்துதா?"

ஆரோக்கியசெல்வி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்ற பயம் முதல்முறையாக அவளுக்குள் வந்தது.

பக்கத்து வீட்டு ஆமினா பிளாஸ்க்கில் டீயோடு உள்ளே வந்தாள்.

"விடுங்கக்கா. மனசு தாங்காம எதையோ நோண்டிக்கிட்டு இருக்கு பிள்ளை" என்றவள், திரையைப் பார்த்ததும் நின்றாள். "யா அல்லாஹ், என்ன கலரு இது? இந்த மாதிரி ஒரு துணி வந்தா எங்க வீட்டுக்காரர் கடையில சும்மா கொடுத்தாலும் போகாது."

"நெசமாவா மாமி?"

டயானாவின் முகத்தில் லேசான சிரிப்பு. அவள் மறுபடி எதையோ தட்டினாள். பச்சை எழுத்துகள் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் வருவதுபோல் வளைந்து நெளிந்துகொண்டன. ஆமினா டீயை ஊற்றாமலே பிளாஸ்க்கை வைத்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வியாகுலம் நனைந்துகொண்டே வந்தார்.

"என்ன சொல்லுதாங்க?" என்று ஆரோக்கியசெல்வி கேட்டாள்.

"கபர் நஹின்னுட்டான். ஒரு தகவலும் இல்லையாம். காலைல ஹெலிகாப்டர் போச்சாம். மேகம் தாழ இருந்ததுல திரும்பிருச்சாம்."

அவர் ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். தகரக் கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ஆமினா பிறகு ஊற்றிக் கொடுத்த டீ ஆறியது. இடையிடையே டயானாவின் விரல்கள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. ரோஸ் இன்னும் அடர்த்தியாகியது.

மகளிடம் ஒருபோதும் குரல் உயர்த்தாதவர் வியாகுலம்.

"மூடு அதை."

"அப்பா, கொஞ்ச நேரம்."

"மூடுன்னேன்."

அவர் எழுந்து வந்து லேப்டாப்பின் மூடியில் கைவைத்தார். டயானா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. மூடிட்டா எனக்குத் தெரியாமப் போயிரும்."

"என்னது தெரியாமப் போகும்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர் மூடியை அழுத்தினார்.

அப்போதுதான் திரையில் அந்த ஜன்னல் கறுத்தது.

எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து வியாகுலம் சட்டென்று கையை எடுத்தார். உடையவில்லை. ரோஸ் போயிருந்தது. வளைந்த எழுத்துகளும் போயிருந்தன. கறுப்பில் சின்னச் சின்ன வெள்ளை எழுத்துகள், பள்ளிக்கூடப் பலகைபோல.

டயானா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள்.

"நான் தொடலை. அப்பா, பாத்தீங்கல்ல, நான் தொடலை."

பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள்.

"என்னட்டி ஆச்சு? சொல்லித் தொலை."

"அண்ணன்தாம்மா. அவன் லேப்டாப்புக்கும் என்னோடதுக்கும் ஒரே செட்டிங். நான் இங்க கலரை மாத்துனா, நெட் கிடைச்சதும் அங்கயும் மாறும். அவன் மாத்துனா இங்க மாறும். வேற யாராலயும் மாத்த முடியாது."

ஆரோக்கியசெல்விக்கு அது புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொல்லி, மாறாமலே இருந்துட்டா?"

எஞ்சினும் ரேடியோவும் பழுதாகி அலைந்த கப்பலை மீன்பிடிப் படகுகள் கமோர்டா தீவுக்கு இழுத்து வந்திருந்தன. அதில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். வியாகுலம் மறுநாளே வேலைக்குப் போனார், டயானா நன்றாகத் தூங்கினாள், அடுத்த வாரம் புரோத்ராபூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த லாரன்ஸுக்கு அம்மாவிடம் முதலில் அடி கிடைத்தது, பிறகுதான் சோறு. போனைக் கடலில் தொலைத்துவிட்டு கமோர்டா ஜெட்டி அலுவலக வைஃபையில் லேப்டாப்பைத் திறந்தவன், உயிரோடு இருக்கிறேன் என்று வீட்டுக்கு மெயில் எழுதுவதற்கு முன்பே, பொறுக்கமுடியாமல் அந்த ரோஸ் நிறத்தை மாற்றியிருக்கிறான்.