சுவருக்கு அந்தப் பக்கம்

“உன்ர ராசா இன்னும் வந்து சேரேல்லையோடா, யஹூதி?” இருட்டுக்குள் கிடந்தபடி ஸெய்னுதீன் கத்தினார்.

“பாத்துக்கொண்டுதான் கிடக்கிறன், காக்கா. நானும் உங்களைப் போல மாட்டுப்பட்டுத்தானே கிடக்கிறன்.” இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து யாக்கோபு சொன்னான். கொச்சியில் இருந்து வந்து துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிற யூதன் அவன்; ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ‘காக்கா’ என்றே அவனும் கூப்பிடுவான்.

1942, சித்திரை வருசத்துக்கு நாலு நாள் கிடந்தது. விடிந்ததும் விடியாததுமாக யப்பான்காரன் வந்து குண்டைப் போட்டான். மூட்டை அடுக்கிக்கொண்டு நின்ற ஸெய்னுதீனின் மேல் பண்டகசாலை சரிந்தது. வலது கால் உத்திரத்துக்குக் கீழே. மூச்சு விட ஒரு சாண் இடம். கிட்ட எங்கேயோ எண்ணெய் எரிகிற மணம்.

“இருங்கோ, வாறம்!” என்று முதலில் நாலைந்து பேர் கத்தினார்கள். பிறகு கேட்டது கால்கள் ஓடுகிற சத்தம்தான். அறுபது வருசத்தில் அவர் கண்டதும் இதுதானே! வெளியில் நிற்கிறவனை நம்பாதே. கூட மாட்டுப்பட்டவனை நம்பலாம். அவனுக்கு ஓட வழியில்லை.

ஆனால் அந்த யஹூதியின் வாய் இருக்கிறதே! கண் செருகி வரும்போதெல்லாம் ஒரு கதையை எறிந்து அவரைக் கொதிக்க வைத்தான்.

“காக்கா, நித்திரையோ? உங்கட மஹ்தி வந்தா ஆர் எழும்பிப் போறது?”

“டேய்! உலகத்தைத் திருத்தக் கடைசிக் காலத்தில மஹ்தி இமாம் வருவார். கிறிஸ்தவங்க கும்பிடுற ஈஸா நபி வானத்திலயிருந்து இறங்கி, அவருக்குப் பின்னால நிண்டு தொழுவார். மஸீஹா வந்த அந்த ஈஸாவை வேணாமெண்டு விட்டவங்க உங்கட ஆக்கள்!”

“எங்கட பழைய ஏடுகளில மஸீஹ் ராசா வானத்திலயிருந்து இறங்கிறேல்லை. தாவீது வமிசத்தில தாய் வயித்திலதான் பிறப்பார். சிதறிப்போன எங்களை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவார்.”

“ரெண்டாயிரம் வருசமாவோடா பிள்ளைப்பேறு?”

“நீங்களும் மேலதானே பாத்துக்கொண்டிருக்கிறீங்க? இண்டைக்கு மேலால வந்தவன் யப்பான்காரன்.”

ஸெய்னுதீனுக்கு உச்சி வரை எரிந்தது. “வெளியில வந்தனெண்டா உன்ர பல்லை உடைப்பன்!”

“வாங்கோ, வந்து உடையுங்கோ.”

எதுவோ சுரண்டுகிற சத்தம். “என்னடா அது?”

“எலியாக்கும்.”

தூரத்தில், ஓடுகிறவர்களை அக்கரைக்கு ஏற்றுகிற வள்ளக்கார அருளம்பலத்தின் குரல் கேட்டது. “மூதூருக்குக் கடைசி வள்ளம்! உயிர் வேணுமெண்டா வாங்கோ!”

“ஓடுங்கடா, ஓடுங்க!” என்று பல்லைக் கடித்தார் ஸெய்னுதீன்.

“காக்கா, எங்கட பழைய குரு ஒருத்தர் சொன்னவர். கையில மரக்கண்டு இருக்கேக்க ‘மஸீஹ் வந்திட்டார்’ எண்டு சத்தம் கேட்டா, முதல் கண்டை நடு, பிறகு போய் அவரைப் பார் எண்டு.”

“கள்ளா! அது எங்கட நபி நாயகம் சொன்னது. உலகம் அழியிற கியாமத்தே வந்தாலும் கையில இருக்கிற கண்டை நடு எண்டு. எங்கட சாமானையோ களவெடுக்கிறாய்?”

“சரி, அப்ப அதில சண்டையில்லை.” அவனுக்கு மூச்சு வாங்கியது.

சண்டையில்லை என்றது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கல் ஒன்று உருண்டது. வெளிச்சம் முகத்தில் அறைய, ஸெய்னுதீன் கண்ணை இறுக மூடினார். தோல் உரிந்து இரத்தம் பிசுபிசுத்த ஒரு கை அவர் கையைப் பற்றியது.

“பிடியுங்கோ, நான் கிளப்புறன்!” வள்ளத்தை விட்டுவிட்டு வந்த அருளம்பலத்தின் குரல். அலவாங்குக் கம்பி உத்திரத்தை நெம்ப, கால் விடுபட்டது.

“என்னை விடுங்கோடா!” ஸெய்னுதீன் கத்தினார். “அந்த யஹூதியை எடுங்கோ முதல்ல! சுவருக்கு அங்கால கிடக்கிறான். அவனுக்கு இஞ்ச ஆருமில்லை!”

“யாக்கோபுவோ? அவர் எங்க மாட்டுப்பட்டவர்? நான் கூப்பிடக் கூப்பிட வராமல் தனிய நிண்டு தோண்டினவர்.” அருளம்பலம் குனிந்தான். “கண்ணைத் திறவுங்கோ, காக்கா. உங்கட கையைப் பிடிச்சிருக்கிறதே அவர்தான்.”